ரிலீவர் வரும் வரை

மாறனுக்கு முன்வரிசையில் மேலே நான்கு பல், கீழே நான்கு பல். கார்முகில் அவன் வாயைத் திறந்து எண்ணிப் பார்க்கவில்லை. பாப்பாவின் காலைப் பார்த்து எண்ணினாள்.

எட்டும் தெளிவாகப் பதிந்திருந்தன. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

பாப்பாவின் பெயர் அகிலா. பிறந்து இரண்டரை மாதம். நாள் ஆகும் முன்பே பிறந்துவிட்டதால், ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். அவளுடைய பாதம் கார்முகிலின் நடுவிரல் நீளம்தான் இருக்கும். அந்தப் பாதத்தைத்தான் அண்ணன்காரன் கடித்து வைத்திருந்தான்.

அண்ணன்காரனுக்கு வயது இரண்டரை.

இது மூன்றாவது கடி. முதல் கடிக்கு அம்மா கத்தினாள். இரண்டாவது கடிக்கு மாறன் முதுகில் ஒன்று வைத்தாள். இந்த முறை ஒன்றுமே சொல்லவில்லை. வீறிட்டு அழுத பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கார்முகிலுக்கு அதுதான் பயமாக இருந்தது. அம்மா கத்தினால் எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியும். பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த அனுபவம் நிறையவே உண்டு. ஆனால் சுவரைப் பார்த்து உட்காரும் அம்மாவை என்ன செய்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மா பழைய அம்மாவாக இல்லை. தலை வாருவதில்லை. தட்டில் போட்ட சோறு காய்ந்து போகும். பாப்பா தூங்கும்போதுகூட அம்மா தூங்குவதில்லை. மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

உள் அறையில் அப்பா துரைராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்திலிருந்து கரியை மேலே ஏற்றும் பெல்ட்டில் அவருக்கு வேலை. அந்த வாரம் நைட் ஷிப்ட். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால், பகல் முழுவதும் அந்த குவார்ட்டர்ஸில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடக் கூடாது.

கோடை விடுமுறை. பிளாக்கில் மற்ற பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கார்முகில் மட்டும் ஒரு கையால் மாறனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாப்பாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பண்ருட்டியிலிருந்து பெரியம்மா வந்துவிட்டாள். அம்மாவின் அக்கா. பெயர் பொற்கொடி. ஒரு தூக்கு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். பாப்பாவின் காலைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்தாள்.

"இன்னா திலகா இது? புள்ள கால இப்படியா கடிப்பான்? நாளைக்கு மூக்க கடிச்சான்னா இன்னா பண்ணுவ?"

அம்மா பாப்பாவின் காலை முந்தானையால் மூடினாள்.

"நீ இருக்கற நெலமையில ரெண்டையும் பாக்க முடியாது. பெரியவன நான் கூட்டிகினு போறேன். எனக்கும் வூட்டுல யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை வரேன். அவன் துணியெல்லாம் எடுத்து வை."

அம்மா சுவரைப் பார்த்தபடியே, "சரிக்கா" என்றாள்.

கதவோரம் நின்ற கார்முகில் முன்னால் வந்தாள். "எப்ப பெரியம்மா திரும்பக் கொண்டாந்து வுடுவீங்க?"

"ஸ்கூல்ல சேக்கற வயசு வரட்டும், பாக்கலாம்" என்றாள் பெரியம்மா. பெரியம்மா பொல்லாதவள் இல்லை. அவளுக்குக் குழந்தை கிடையாது. அவ்வளவுதான்.

கார்முகிலின் சிநேகிதி நந்தினிக்கு ஒரு தம்பி உண்டு. அவனும் இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று விருத்தாசலத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனான். மூன்று வருடம் ஆயிற்று. போன பொங்கலுக்கு வந்தவன், பெற்ற அம்மாவைப் பார்த்து "சித்தி, தண்ணி வேணும்" என்று கேட்டான். அதைக் கேட்டு நந்தினியின் அம்மா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது கேட்டாள்.

"அப்பா, மாறனை அனுப்பாதீங்கப்பா."

அப்பா ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு மட்டும் ஆசையா முகிலு? பாப்பா பொழைச்சு வந்ததே பெருசு. அதுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா உங்க அம்மா தாங்குவாளா?"

அப்பா ஷூவைக் கழற்றி வைத்ததும் மாறன் ஓடி வந்து அதில் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். தினமும் இதே கூத்துதான். அப்பா கிளம்பும்போது ஹெல்மெட்டைத் தட்டித் தட்டி "நானு?" என்று கேட்பான். "நீ பெரியவன் ஆனதும்" என்று சொல்லிவிட்டு அப்பா கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். மாறன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ் போன பிறகும் நிற்பான்.

அன்று முழுவதும் கார்முகில் தம்பியையே கவனித்தாள்.

காலையில் அம்மா மடிக்குப் போனான். மடியில் பாப்பா இருந்தாள். "போடா அந்தாண்ட." அப்பா தூங்கும் அறைக்குப் போனான். "சத்தம் போடாத, போ." பாப்பாவின் தூளிக்குள் எட்டிப் பார்த்தான். தொடக்கூட இல்லை. "கிட்ட வராத, போ."

மதியத்துக்குள் பதினான்கு தடவை "போ" கேட்டுவிட்டான். கார்முகில் எண்ணினாள். அதில் நான்கு, அவளே சொன்னவை.

பதினான்காவது "போ"வுக்குப் பிறகு மாறன் தலையணையைக் கடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாடை நடுங்கக் கடித்தான். அவனைப் பார்க்க கார்முகிலுக்கு ஒரேயடியாகப் பாவமாக இருந்தது.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வர வேண்டிய அப்பா வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது ஆயிற்று. அம்மா பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். பத்து மணிக்கு அப்பா வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா. அந்த வாரத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ரிலீவர் வரல, அடுத்த ஷிப்ட் ஆளு. அவருக்குத் திடீர்னு காய்ச்சலாம். வேற ஆள் போட்டு அனுப்ப இவ்ளோ நேரம்."

"போன் பண்ணிச் சொல்லிட்டு வந்துட வேண்டியதுதானே?" என்றாள் கார்முகில்.

"அதெப்படி? பெல்ட் ஓடிகினே இருக்கும். ஒருத்தர் கண்ணு அது மேல இருந்துகினே இருக்கணும். ரிலீவர் வந்து, 'நான் வந்துட்டேன், நீங்க போலாம்'னு சொல்ற வரைக்கும் எடத்த வுட்டு நகரக் கூடாது. பசிச்சாலும் சரி, தூக்கம் வந்தாலும் சரி."

மாறன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வழியும் எச்சிலைக்கூடத் துடைக்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்த கார்முகிலுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. பரண் மேல் ஏறினாள். அப்பாவின் பழைய மஞ்சள் ஹெல்மெட் அங்கே கிடந்தது. வார் அறுந்து, உள்ளே சிலந்தி குடியிருந்தது. சிலந்தியை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துவந்தாள்.

தூளியில் ஏற்கெனவே ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தது. தூரத்தில் உட்கார்ந்து ஆட்டுவதற்காக அம்மா கட்டியது. கார்முகில் சாக்பீஸ் எடுத்து, தூளியிலிருந்து நான்கு அடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டாள்.

"மாறா, டூட்டிக்கு வரியா?"

"நானு?"

"நீதான்."

அவன் நம்பவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

கார்முகில் ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்தாள். அது மூக்கு வரை இறங்கியது. உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்ததும் கண் தெரிந்தது.

"இங்க பாரு. இதான் பெல்ட்டு. இந்தக் கயித்த இழுத்துகினே இருக்கணும். மெதுவா. கோட்டத் தாண்டக் கூடாது. டூட்டியில இருக்கறவங்க கடிக்கக் கூடாது. ரிலீவர் வர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. தெரியுதா?"

"லிலீவரு" என்றான் மாறன், மெல்ல.

காலண்டரின் பின்பக்கம் அட்டவணை எழுதினாள். காலை ஷிப்ட், கார்முகில். பத்து மணி ஷிப்ட், மாறன். கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு வரும் வரை அவன் டூட்டி. அரை மணி நேரம் ஆனதும் கார்முகில் வந்து நிற்பாள். "நான் வந்துட்டேன் சார், நீங்க போலாம்." மாறன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பான். அப்புறம் அப்பா நடப்பதுபோலவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோய், பாயில் விழுவான்.

புதன் கடிக்கவில்லை. வியாழன் கடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸ் கேட்டு அழுதான். அதில் நான்கு பொரி போட்டுக் கொடுத்ததும் அடங்கினான்.

"அம்மா, மூணு நாளா கடிக்கல, பாத்தீங்களா?" என்றாள் கார்முகில்.

அம்மா பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்திருந்தாள். "நாலாவது நாள் கடிச்சா?" என்றாள்.

மூலையில் மாறனின் துணிப்பை தயாராக இருந்தது. அம்மாதான் மடித்து வைத்திருந்தாள். அடிக்கடி அதைத் திறந்து, மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள். கார்முகில் அதைப் பார்க்காததுபோல் இருந்தாள்.

சனிக்கிழமை அப்பாவுக்குக் காலை ஷிப்ட்டாக மாறியது. விடியும் முன்பே போய்விட்டார். பத்து மணிக்கு அம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டாள். மாறன் ஹெல்மெட்டோடு கோட்டில் வந்து நின்றான்.

"பாப்பாவோட சொட்டு மருந்து தீந்துடுச்சு. மெடிக்கல்ல வாங்கிகினு சீக்கிரம் வா" என்றாள் அம்மா. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கார்முகில் சைக்கிளை எடுத்தாள். மருந்து வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் பார்க் பக்கம் நந்தினி ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போடி. லீவு விட்டு ஒரு நாளாவது வந்தியா நீ?"

ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் கார்முகில் மட்டையைப் பிடித்தாள். பந்து காற்றில் ஏறியதும் அவளுக்குள் ஏதோ அவிழ்ந்தது. தூளி இல்லை, துணி இல்லை, "சத்தம் போடாத" இல்லை. ஓடினாள், கத்தினாள், தோற்றாள், ஜெயித்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் விளையாடினாள்.

சுரங்கத்துச் சங்கு ஊதியதும்தான் அவளுக்கு வீட்டு நினைவு வந்தது. மணி பன்னிரண்டு.

மாறனுக்குப் பத்தரைக்கே ஷிப்ட் முடிந்திருக்க வேண்டும். அவள்தான் ரிலீவர்.

கால் வலிக்க வலிக்க சைக்கிளை மிதித்தாள். அவன் எப்போதோ கயிற்றை விட்டிருப்பான். கோட்டைத் தாண்டியிருப்பான். கடித்தும் இருப்பான். எல்லாம் என்னால்தான், எல்லாம் என்னால்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

வீட்டுக்குள்ளே பெரியம்மா. "நாளைக்கு முகூர்த்த நாளுடி. பஸ்ஸுல கால் வைக்க முடியாது. அதான் இன்னிக்கே வந்துட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "மெதுவாப் பேசு. உங்கம்மா தூங்குறா. நான் வந்து அரை மணி ஆச்சு, அசையல. அவள எழுப்பாத."

உள் அறையில் அம்மா வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மருந்துக்கு அனுப்பிவிட்டுச் சும்மா சாய்ந்தவள், அப்படியே உறங்கிப் போயிருந்தாள்.

"ஆனா இந்தப் பையன் இன்னாடி இப்படி அடம் புடிக்கிறான்? தூக்கினா கயித்த வுட மாட்டேங்கறான்."

கார்முகில் பார்த்தாள்.

மாறன் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் ஒரு பக்கம் சரிந்து ஒரு கண்ணை மறைத்தது. டவுசர் நனைந்து, காலடியில் ஈரம் குளமாகத் தேங்கியிருந்தது. டிபன் பாக்ஸ் காலியாகக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையும் சிவந்துபோயிருந்தன. ஆனாலும் கயிறு மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தூளிக்குள் பாப்பா நிம்மதியாகத் தூங்கினாள்.

அக்காவைக் கண்டதும் அவன் உதடு பிதுங்கியது.

"லிலீவரு வல்லே" என்றான்.

கார்முகிலுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். "நான் வந்துட்டேன் சார்" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க போலாம்" என்று சொன்னால் அவன் கயிற்றை விட்டுவிடுவான். விட்டால் பெரியம்மா தூக்கிக்கொள்வாள். வாசலில் ஆட்டோ.

சொல்லாவிட்டால்? அவனுடைய முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் நிற்பான்?

"சொல்லேன்டி எதனா. உன் பேச்சத்தான் கேப்பான்போல" என்றாள் பெரியம்மா.

"சொல்ல மாட்டேன் பெரியம்மா. சொன்னா நீங்க கூட்டிகினு போயிடுவீங்க."

"உங்கம்மா நல்லதுக்குத்தானே கூட்டிகினு போறேன்?"

"அம்மாவுக்கு இவனா பிரச்சனை?" கார்முகிலின் குரல் உடைந்தது. "இவனுக்கு அரை மணி நேரத்துல ரிலீவர் வரணும். அப்பாவுக்கு எட்டு மணி நேரத்துல வரணும். அம்மாவுக்கு ரெண்டரை மாசமா யாருமே வரல. பகலும் அவங்க டூட்டிதான், நைட்டும் அவங்க டூட்டிதான். இவனை அனுப்பிட்டா மட்டும் அவங்க தூங்கிடுவாங்களா?"

பெரியம்மா உள் அறைப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் உள் அறை வாசலில் நிழல் தெரிந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்தாள், எதையெல்லாம் கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தில் தரையின் அச்சு பதிந்திருந்தது.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மாறனைப் பார்த்தாள். அவன் காலடி ஈரத்தைப் பார்த்தாள். பிறகு அந்த ஈரத்திலேயே அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வந்துட்டேன் மாறா" என்றாள். "நீங்க போலாம்."

மாறன் அம்மாவை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தான். இவள் ரிலீவர் பட்டியலில் உண்டா என்று யோசித்தான்போல. அப்புறம் கயிற்றை அவள் கையில் வைத்தான். ஹெல்மெட்டைக் கழற்ற விரல் மடங்கவில்லை. அம்மாவே எடுத்துக்கொண்டாள்.

"பாப்பா கடிக்கல" என்று ஒப்பித்துவிட்டு, அவன் அம்மாவின் மடியில் விழுந்தான். யாரும் "போ" என்று சொல்லவில்லை.

அம்மா அவனுடைய சிவந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதாள். பாப்பாகூட எழுந்து சேர்ந்து அழுதாள். கார்முகில் தூளியை ஆட்டினாள்.

பெரியம்மா வாசலைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். "ஆட்டோ நிக்குது திலகா."

அம்மா கண்ணைத் துடைத்தாள். "ரிலீவர் இல்லாம டூட்டி ஆள எப்படிக்கா அனுப்பறது?"

பெரியம்மா பாயருகே உட்கார்ந்தாள். தன் பையைத் திறந்தாள். மாறனுக்கு என்று வாங்கி வைத்திருந்த இரண்டு புதுச் சட்டைகள் அதில் இருந்தன. ஒன்றில் யானை போட்டிருந்தது. அதை எடுத்து நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு இரண்டையும் பாயின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கார்முகிலுக்குச் சங்கடமாகிவிட்டது. பெரியம்மா மனசு நொந்து போய்விட்டாளே என்று வாசலுக்கு ஓடினாள்.

பெரியம்மா கேட்டுக்கு உள்ளேதான் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோவ அனுப்பிட்டேன்" என்றாள். "ஒரு மாசம் இங்கயே இருக்கேன். அந்த அட்டவணையில என் பேர எழுதுடி. எனக்கு எந்த ஷிப்ட்டு?"

இரண்டரை மணிக்கு அப்பா வேலை முடிந்து வந்தபோது, தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். கொண்டை பெரிதாக இருந்ததால் ஹெல்மெட் தலையில் நிற்கவில்லை. மடியில் வைத்திருந்தாள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாள்.

யானைச் சட்டை போட்ட மாறன் அப்பாவின் ஷூவை இழுத்துக்கொண்டு வந்து, வாயில் விரலை வைத்து "உஷ்" என்றான்.

அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.